டிராலிக்கு வைத்த கல்

என் அப்பா தலைச்சோலை எஸ்டேட் லாரியில் கிளீனர். மலை ரோட்டில் லாரி நின்றதும், டிரைவர் இறங்குவதற்கு முன்பே குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பது அவர் வேலை. எங்கள் மலையில் நின்ற வண்டி எதுவானாலும் கல் வைக்காமல் யாரும் அப்பால் நகரமாட்டார்கள். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருக்க, என் அப்பா ஒரு லாரியையே நிறுத்தி வைக்கிறவர் என்று நான் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன். அது மலைக்குக் கீழேயும் என்னோடு வந்ததுதான் வினை.

முழுப்பரீட்சை லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, ரயில்வேயில் டிராலி தள்ளுகிறவர். நான்கு சக்கரம், மேலே பலகை, அதன்மேல் ஒரு பெஞ்சு; அவ்வளவுதான் டிராலி. லைனைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே வெறுங்காலில் ஓடித் தள்ளுவார்கள். வேறு யாரையும் ஏற்றினால் வேலை போய்விடும். ஒரு வாரம் அழுது, இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்து, அந்தச் சட்டத்தை நான் உடைத்தேன். இன்ஸ்பெக்டர் ரயிலேறிச் சேலம் போய்விட்ட ஒரு நாள், காலி டிராலியை அடுத்த ஸ்டேஷனில் சேர்க்க வேண்டியிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் மாமா என்னைத் தூக்கிப் பெஞ்சில் வைத்தார்.

மாமாவோடு இன்னும் மூன்று பேர். நல்ல ஏற்றம். இரண்டு பக்கமும் பாறையை வெட்டிப் போட்ட பாதை, எதிரே வளைவு. வண்டி ஏதும் வருகிறதா என்று பார்க்க அங்கே டிராலியை நிறுத்தினார்கள். முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் சிவப்பு விளக்கோடு ஓடினார்கள். மூன்றாமவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வளைவையே பார்த்து நின்றார்.

"எறங்காத கண்ணு, அப்படியே உக்காந்திரு" என்று சொல்லிவிட்டு மாமா சற்று முன்னே போய்த் தண்டவாளத்தில் காதை வைத்துப் படுத்தார்.

ஒருவரும் கல் வைக்கவில்லை. இவ்வளவு பெரிய ஆட்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். சத்தமில்லாமல் இறங்கினேன். ஜல்லி சிறிதாக இருந்தது. பாறையோரம் கிடந்த பெரிய கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு அணை கொடுத்தேன். அப்பா செய்வதுபோலக் காலால் ஓர் உதை விட்டு இறுக்கினேன். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"வண்டி வருதுங்கோ!" என்று வளைவிலிருந்து குரல் வந்தது. மாமா என்னை இறக்கிப் பாறையோரம் நிறுத்தினார். விளக்கோடு போனவர்களும் ஓடிவந்து சேர, நான்கு பேரும் டிராலியைத் தூக்கிக்கொண்டு, ஒதுங்க இடமிருந்த மேட்டுக்கு ஓடினார்கள். கல் மட்டும் தண்டவாளத்தின் மேல் அப்படியே இருந்தது.

சொன்னால் இறங்கியது தெரிந்துவிடும். சொல்லாமல் இருந்தால்? தண்டவாளம் மெல்ல இரைய ஆரம்பித்தது. மாமா திரும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

"மாமா, நான் கல்லு வெச்சிட்டனுங்க."

"என்ன கல்லு சாமி?"

"டிராலி பின்னால போயிருமுன்னு... அங்கயே இருக்குதுங்க."

மாமா என் கையை உதறிவிட்டு ஓடினார். வளைவில் எஞ்சின் விளக்கு திரும்பி அவர் முதுகில் விழுந்தது. விசில் காதைப் பிளந்தது. அவர் குனிந்ததைப் பார்த்தேன், எழுந்ததைப் பார்க்கவில்லை. வண்டி குறுக்கே வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக வெளிச்சம் ஓடியது. சோற்றுப் பொட்டலம் பிரித்தவர்கள், மேல் பலகையில் படுத்தவர்கள், மடியில் பிள்ளையோடு ஒரு பெண். மாமா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நான் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசிப் பெட்டி போனதும் அந்தப் பக்கம் மாமா உட்கார்ந்திருந்தார். மடியில் கல். முழங்காலில் ரத்தம். போய்விட்ட வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே, கல்லைக் கீழே போடக்கூடத் தெரியாமல் தேம்பித் தேம்பி அழுதார். என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவுமில்லை. மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

பாவம், மாமா வேலை போய்விடுமே என்று பயந்துதான் அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டு, "அழுவாதீங்க மாமா, இன்ஸ்பெக்டர்கிட்ட நான் சொல்ல மாட்டனுங்க" என்று தைரியம் சொன்னேன்.