ஆறாம் நாள் அளவு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் கல்மண்டபம் பகுதியைச் சேர்ந்த சாவியோ. எழுபத்தாறு வயதில் இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். நெஞ்சுவலி போனது. ஆனால் அடைப்பைப் படமெடுக்கச் செலுத்திய மருந்து, சர்க்கரையால் ஏற்கெனவே தளர்ந்திருந்த கிட்னியைப் பாதித்தது. சிறுநீர் குறைந்து கால்கள் வீங்கின. மனைவி ஜானட் ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் சிறுநீரை அளந்து நர்ஸிடம் சொல்லிவந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி குடேன்," என்று கேட்டார் சாவியோ.

"டாக்டர் அளவாத்தான் குடுக்கச் சொல்லிக்கீறாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

ஆறாம் நாள் சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. டயாலிசிஸ் தேவைப்படாது என்றார் டாக்டர்.

"இன்னொரு அடைப்பு கீதே சார், அதுக்கும் இதே மருந்தா?" என்றாள் ஜானட்.

"ஆமாம்மா, குறைவா போடுவோம். மூணு மாசம் போகட்டும்."

ஜானட்டுக்குச் சந்தோஷப்படவும் தெம்பில்லை. சாவியோவின் கட்டிலிலேயே தலைசாய்த்துத் தூங்கிப்போனாள்.