சொதிக்கு ஒரு புரோகிராம்

எனக்கு அப்போது ஒரே ஒரு வெறிதான். சென்னையில் யாராவது என்னைப் புரோகிராமர் என்று கூப்பிட வேண்டும். ஆனால் நான் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கடைக்காரர்களின் கணக்கை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் வந்த வேலை விளம்பரமெல்லாம் அனுபவம் கேட்டது. வேலை கிடைத்தால்தானே அனுபவம்? எவனும் தரவில்லையென்றால் நானே உண்டாக்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். சென்டர் முதலாளி கரண்டு செலவை நினைத்து முணுமுணுத்தபடி, சாயங்காலங்களில் ஒரு மெஷினை விட்டுக்கொடுத்தார்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போட்டாக வேண்டும். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்ட சொதிதான். அன்றைக்கு வேறு குழம்பே கிடையாது. எத்தனை பேர் என்று தட்டினால், எத்தனை தேங்காய், எவ்வளவு பருப்பு, எவ்வளவு இஞ்சி என்று கம்ப்யூட்டர் சொல்லும்படி ஒரு புரோகிராம் எழுதினேன். அது முதல்முறை ஒழுங்காக ஓடிய அன்று பஸ்ஸைக்கூட மறந்து, தனியாகச் சிரித்துக்கொண்டே வீடுவரை நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

ஓரமெல்லாம் ஓட்டை போட்ட தாளில் அச்சாகி வந்ததைப் பார்த்து வீடே சொக்கிப்போனது. யார் பேச்சையும் கேட்காத சமையல்காரர்கூட, கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதா என்று பவ்யமாக வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டேன். ‘விருந்தில் பயன்படுத்திச் சோதிக்கப்பட்டது’ என்று, விருந்து நடப்பதற்கு முன்பே எழுதியும்விட்டேன்.

விருந்தன்று முதல் பந்திகள் ஜோராக நடந்தன. அக்காவின் மாமியார், எனக்கு அத்தை முறை, தன் ஆட்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் உட்காருவேன் என்று கடைசிப் பந்திக்கு வந்தார். இலையில் சோறு இருந்தது, இஞ்சிப் பச்சடி இருந்தது, உருளைக்கிழங்கு சிப்ஸ் இருந்தது. சொதி வாளி காலி.

தலைக்கு ஒரு தடவை ஊற்றுவதாகக் கணக்குப் போட்டிருந்தேன். சொதியை ஒரு தடவையோடு நிறுத்திய மனுஷரை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நானே இலையைவிட்டு லேசில் எழுந்திருக்க மாட்டேன்.

“ஏய்யா, சொதி எங்க?” என்றார் அத்தை. பிறகு ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மறுசோற்றுக்கும் சேர்த்துப் புரோகிராமைத் திருத்தி முடித்த சமயத்தில் சென்னையிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். யாரை வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்டார்கள். “அக்காவோட மாமியாரை வச்சு” என்றேன். வாயைத் திறந்தாகிவிட்டது, இனி மறைத்து என்ன? முழுக்கதையையும் சொன்னேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, திருத்தியதை ஓட்டிக் காட்டச் சொன்னார். வேலை கிடைத்துவிட்டது!

சென்னைக்கு ரயிலேறும் முன் அக்கா வீட்டில் விருந்து. சொதி. அத்தையே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் இலைக்கு முன் வந்து நின்றார்.

“ஏய்யா, நானே ஊத்தட்டா? இல்ல, ஒங் கம்ப்யூட்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடணுமா?”

“ஊத்துங்க அத்த” என்றேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அத்தை நிறுத்துகிற வழியாக இல்லை; இலையில் அணை கட்ட எனக்குச் சோறு போதவில்லை.