புற்றுக்குக் கட்டிய மஞ்சள் துணி

அன்று காலை அந்த மூன்று சென்ட் மனையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். வீடு கட்டப் போகிற அண்ணாச்சி, அவர் மனைவியான அக்கா, கொத்தனார், ஜேசிபி ஓட்டும் இளைஞர், கடைசியாக வந்து சேர்ந்த நான். வராதவர் ஒருவர்: என்னோடு வேலை பார்க்கும் மூத்த வனக் காப்பாளர். பாம்பு என்று போன் வந்தால் கொக்கியையும் பையையும் எடுத்துக்கொண்டு முன்னால் போகிறவர் அவர்தான். அன்று அவர் மகளுக்கு வளைகாப்பு. "நீயே போய்ப் பாத்துட்டு வாடே, பெருசா ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிவிட்டார்.

நான் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வனக் காப்பாளர் என்றால் மலையில் யானைக்குப் பின்னால் நடக்கிறவன் என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சிவகிரிப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு அதெல்லாம் உண்டு. எனக்குக் கிடைத்தது கரிசல் பக்கம். கிணற்றில் விழுந்த மான், மக்காச்சோளத்தில் இறங்கிய பன்றி, வீட்டுக்குள் வந்த பாம்பு, இதுதான் என் காடு.

மனை ஊர்க்கடைசியில், சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற வழியில் ஓர் ஊரில் இருந்தது. அதன் வடக்கு மூலையில் ஒரு புற்று. அதை ஒட்டியிருந்த சீமைக்கருவையை வெட்டும்போது புற்றின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. உள்ளே வெள்ளை வெள்ளையாக முட்டைகள். முட்டைகளின் மேல் சுருண்டு கிடந்தது நல்லபாம்பு. நான் பத்தடி தூரத்தில் நின்றபோதே படம் எடுத்துச் சீறியது. ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

"பிடிச்சுக் கொண்டு போயிருங்க சாரே. இன்னைக்கு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியாவணும்" என்றார் கொத்தனார்.

"பிடிச்சா முட்டைய என்னவே செய்வீரு? ஆம்லெட் போடுவீரா?" என்றார் அண்ணாச்சி. அவர் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் பேசிப் பழகி, சாதாரணமாகச் சொல்வதையும் கூப்பாடு போட்டுத்தான் சொல்வார்.

ஜேசிபி இளைஞர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. "புத்துல நான் வாளிய வைக்க மாட்டேன் அண்ணாச்சி. எங்க வீட்டுல மாசமா இருக்கா" என்றார். சும்மா வந்து போனதற்கு ஒரு மணி நேர வாடகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பாம்பைப் பிடித்து, முட்டைகளைப் பெட்டியில் எடுத்துப் போவது ஒரு வழி. அதை நான் ஏற்கெனவே ஒரு முறை செய்திருந்தேன். ராயகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் எடுத்த சாரைப்பாம்பு முட்டைகளை மணல் நிரப்பிய பெட்டியில் வைத்து, தினமும் திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. புரட்டி வைத்துவிட்டேனோ, ஈரம் கூடிவிட்டதோ, இன்றுவரை தெரியாது. அந்தப் பெட்டியைக் கொட்டிய இடத்தைத் தாண்டும்போதெல்லாம் வண்டியை வேகமாக ஓட்டுவேன்.

அதனால் அன்று நான் கேட்டேன்: "ரெண்டு மாசம் பொறுக்க முடியுமா அக்கா? பொரிச்சுதுன்னா அதுவா போயிரும்."

கேட்ட பிறகுதான் கணக்குப் போட்டேன். அப்போது வைகாசி தொடக்கம். ரெண்டு மாதம் என்றால் ஆடி. ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். அப்படியென்றால் ஆவணி. ஆக, நான் கேட்டது மூன்று மாதம்.

அந்த அக்கா பூக்கட்டுகிறவர். விடிவதற்குள் பூச்சந்தைக்குப் போய் பூ வாங்கி வந்து, சரம் கட்டி, தெருத்தெருவாக விற்பார். ஒன்பது வருஷம் சீட்டுப் போட்டு வாங்கிய மனை அது. சிவகிரியில் இடித்த ஒரு பழைய வீட்டிலிருந்து நிலைக்கதவு ஒன்றை வாங்கி, சாக்கு சுற்றி, வாடகை வீட்டு வாசலில் சாய்த்து வைத்திருந்தார். வாடகை வீட்டில் ஆறு குடும்பத்துக்கு ஒரு கழிவறை. காலையில் வரிசையில் நின்றால் சந்தைக்கு நேரமாகிவிடும் என்பார்.

அவர் புற்றைப் பார்த்தார். நிலைக்கதவு நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். "ஒன்பது வருஷம் இருந்தாச்சு. மூணு மாசத்துல என்ன செத்தா போவேன்? அதுவும் பிள்ளைத்தாச்சி மாதிரிதானே" என்றார். அண்ணாச்சி வாயைத் திறந்தார். அக்கா ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அடுத்ததாக நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. ரேஷன் கார்டிலிருந்து பட்டா வரை தெருவுக்கே நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஒரு விஷயத்தை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால் அது நடந்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. யாரும் கிட்டே போய்க் கடிபடக் கூடாது என்று, புற்றைச் சுற்றி நாலு வேப்பங்கம்பு நட்டேன். கட்டுவதற்குக் கயிறு இல்லை. அக்கா வீட்டிலிருந்து பழைய மஞ்சள் சேலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அதைச் சுற்றிக் கட்டி, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டேன்: "நாகம் அடைகாக்கிறது. யாரும் அருகில் வரக் கூடாது."

எழுத்து நன்றாக இருக்கிறது என்று போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

வேப்பங்கம்பும் மஞ்சள் துணியும் கட்டிய புற்றைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இது சங்கரன்கோவில் வட்டாரம். வீட்டுக்குள் பாம்போ தேளோ வந்தால், கோயிலில் அதன் உருவம் பொறித்த தகடு வாங்கி உண்டியலில் போடுகிற ஊர். கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொள்கிற ஊர். முதல் வெள்ளிக்கிழமையே புற்றுக்கு முன்னால் மஞ்சளும் குங்குமமும் வந்துவிட்டன. அட்டையைப் படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்கள். இரண்டாம் வெள்ளிக்கு எலுமிச்சம்பழ மாலை. மூன்றாம் வெள்ளிக்குச் சில்லறை போட ஒரு எவர்சில்வர் தட்டு.

இது எங்கே போய் முடியும் என்று எனக்கு உறைக்கவில்லை. நான் தினமும் சாயங்காலம் போய், தூரத்தில் வண்டியை நிறுத்தி, பாம்பு இருக்கிறதா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு வருவேன். பூவும் பொட்டும் கண்ணில் பட்டபோது, மரியாதையாகத்தானே நடந்துகொள்கிறார்கள், நல்லதுதான் என்று நினைத்தேன்.

அக்கா ஒருநாள் பூக்கூடையோடு எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தம்பி, என் வீட்டைக் கோயிலாக்கிட்டீயளே."

ஊரில் பெரியதனம் பண்ணுகிற ஒருவர் தகரக் கொட்டகை போட வசூல் தொடங்கிவிட்டாராம். சூலம் செய்ய ஆளிடம் சொல்லியாகிவிட்டதாம். "இடத்த அம்மன் கேட்டுட்டா, நீ கொடுத்து வச்சவ தாயி" என்று அக்காவிடமே சொன்னாராம். கொத்தனார் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சூலம் நட்டுவிட்டால் அந்த மூன்று சென்டில் எந்தக் காலத்திலும் ஒரு செங்கல் வைக்க முடியாது. விற்கவும் முடியாது.

"பாம்புக்கு மூணு மாசம் குடுத்தேன். அது எதுத்து ஒரு வார்த்த கேக்கல. மனுசன் காலம் பூரா வேணும்ங்கான்" என்றார். துணியை அவிழ்த்துவிடுகிறேன், அட்டையைக் கிழித்துவிடுகிறேன் என்று ஏதேதோ சொன்னேன்.

"நீங்க அவுத்தா உங்கள அடிப்பாவ. வெள்ளிக்கிழமை வாங்க. சும்மா பக்கத்துல நில்லுங்க, போதும்."

வெள்ளிக்கிழமை போனேன். கூட என் மூத்த கூட்டாளியும் வந்தார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். "வனத்துறையில கோயில் கட்டுன மொத ஆளு நீதாம்டே. உனக்குத்தான் மொதல்ல பரிவட்டம் கட்டுவாவ" என்றார்.

பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். ஒருவர் கையில் பால் செம்பு. அதுவரை பால் வெளியில் வைத்த கிண்ணத்தோடு நின்றிருந்தது. அன்று புற்றுக்குள்ளேயே ஊற்ற வேண்டும் என்று பேச்சு. நான் பதறிப்போய், "பாம்பு பால் குடிக்காதும்மா, முட்டை நனைஞ்சா கெட்டுப்போகும்" என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா இடுப்பில் பூக்கூடையோடு முன்னால் வந்தார். சத்தம் போடவில்லை.

"ஏட்டி, உங்க வீட்டுல கோழி அடைக்கு வச்சிருக்கேல்லா? அது மேல போய் ஒரு செம்பு பால ஊத்துவியா?"

பால் செம்பு வைத்திருந்த பெண், "அதெப்படிக்கா? கூமுட்டையால்லா போவும்" என்றார்.

"இதுவும் அப்படித்தான்."

செம்பு மெதுவாகக் கீழே இறங்கியது. வசூல் பண்ணுகிறவர் விடவில்லை. "அம்மன் இருக்கணும்னு நெனச்ச இடம் தாயி இது" என்றார்.

"அம்மன் சங்கரன்கோயில்ல கோபுரம் வச்ச வீட்டுல இருக்கா அண்ணாச்சி. பஸ்சுல போனா அரை மணி நேரம். அவளுக்கு எதுக்கு இன்னொரு வீடு? வீடில்லாதவ நான்தான்."

பின்னால் ஒரு பெண் சிரித்தார். அந்தச் சிரிப்பு பரவியது. அக்கா தானே மஞ்சள் துணியை அவிழ்த்தார். பாம்பு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொண்டது. துணியை மடித்து என் கையில் கொடுத்தார். "உங்க அட்டையையும் எடுத்துக்கோங்க தம்பி. எழுத்து நல்லாத்தான் இருக்கு." தட்டிலிருந்த சில்லறையைக் கோயில் உண்டியலில் போட்டுவிடச் சொல்லி வசூல்காரர் கையிலேயே கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து எதிரே இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் அக்கா பூக்கட்டினார். அட்டை செய்யாத வேலையை அவர் செய்தார். பிள்ளைகள் பந்து எடுக்க வந்தால் அங்கிருந்தே ஒரு அதட்டல். மூன்று நாளைக்கு ஒருதரம் எனக்குப் போன் வரும்: "உங்காளு இருக்கு. கொஞ்சம் மெலிஞ்சு போச்சு." ஒரு நாள், "ஒரு எலிய முழுங்கிட்டு வந்துச்சு, இப்பதான் எனக்கு நிம்மதி" என்றார். தன் வீட்டைத் தள்ளிப்போட்ட பாம்பின் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்ட அந்தக் குரலை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

ஆடி பிறந்த சில நாளில் காலையில் போன். "தம்பி, வாங்க வாங்க, ஓட்டைக் கீறிட்டு எட்டிப் பாக்குதுவ!" நானும் கூட்டாளியும் போனோம். பென்சில் கனத்தில், பிறந்த உடனேயே படம் எடுத்துக்கொண்டு, பதினொன்று. இரண்டு முட்டைகள் பொரிக்கவில்லை. தாயைக் காணவில்லை. குட்டிகளைக் கொக்கியால் ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து, ஊருக்கு வெளியே ஓடைக்கரைப் புதரில் விட்டோம். முன்பு அந்தப் பெட்டியைக் கொட்டியதும் இதே ஓடையின் கரையில்தான். திரும்பும்போது வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

ஆவணி முதல் வாரம் கொத்தனார் வந்தார். புற்றில் கைவைக்க அவரும் யோசித்தார், அண்ணாச்சியும் யோசித்தார். அக்காதான் மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டு வெட்டினார். அதற்கு முந்தின நாள் அக்காவும் அண்ணாச்சியும் சங்கரன்கோவில் போய், பாம்புத் தகடு வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். தகட்டுக்கு நான் காசு கொடுக்கிறேன் என்றதற்கு, "வேண்டுதல் எங்களோடது, நீங்க எதுக்கு?" என்று அக்கா என் கையைத் தட்டிவிட்டார். அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது, அதனால் நான் பாம்பைக் காப்பாற்றினேன். அவர்களுக்கு யார் தந்தார்கள்?

இப்போது அந்த நிலைக்கதவு நிமிர்ந்து நிற்கிறது. கழிவறைக்கு நீலநிறத் தகரக் கதவு. அந்தப் பக்கம் போனால் தண்ணீர் குடிக்காமல் விட மாட்டார்கள். ஒருநாள் கேட்டேவிட்டேன், அந்தப் பாம்பால் மொத்தம் எவ்வளவு ஆச்சு அக்கா என்று. பூக்கட்டுகிற விரலை நிறுத்தாமல் சொன்னார். மூணு மாசம் கூடக் குடுத்த வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. ஜேசிபி சும்மா வந்து போனதுக்கு ஆயிரத்து இருநூறு. தகடு அறுபது. பஸ்சில் பொம்பளைக்கு டிக்கெட் கிடையாது, அவருக்கு மட்டும் போகவர முப்பது.

ஐயாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.