மழை பெய்தால்தான் கூட்டம்

கல்லுமலைத் தோட்டத்தில் பாடசாலைக் கூட்டத்தை நாள் பார்த்து வைப்பதில்லை. வானத்தைப் பார்த்துத்தான் வைப்பார்கள். இறப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்குள் இறங்காமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகிவிடும். ஆகவே விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் கங்காணி வேலையை நிறுத்திவிடுவார். ஒரு மணித்தியாலத்தில் பெற்றோர் அத்தனை பேரும் உரச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு தமிழ் வித்தியாலயத்து மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். யாரும் யாருக்கும் கடிதம் அனுப்ப வேண்டியதில்லை.

கிருஷ்ணகுமாரி பதினெட்டு வருடமாகப் பால் வெட்டுகிறாள். வயது நாற்பத்தொன்று. புருஷன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில். மாதம் ஒரு தடவை வருவான். சாதாரண தரம் வரை படித்தவள், கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்று மூன்று வருடத்துக்கு முன் அவளைப் பாடசாலை அபிவிருத்திக் குழுவின் செயலாளராக்கினார்கள். "சும்மா பேருக்குத்தான் புள்ள" என்று சொல்லித்தான் ஆக்கினார்கள். அன்றிலிருந்து கழிவறைக் கதவுக்கு ஒரு கடிதம், தண்ணீர்க் குழாய்க்கு ஒரு கடிதம், மாற்றலாகிப் போன கணித ஆசிரியருக்குப் பதில் ஆள் கேட்டு ஏழு கடிதம் என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். குழாய் மட்டும் வந்தது.

இந்த வருடம் வந்தது அவளுடைய சொந்த வீட்டு விஷயமும்கூட. வித்தியாலயத்தில் ஒன்பதாம் தரம் வரைதான் உண்டு. பத்தாம் தரத்துக்கு டவுன் பள்ளிக்கூடம்தான். ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கே லயத்து வீட்டைவிட்டு இறங்க வேண்டும். போன ஜனவரியில் அப்படி இறங்கிய பதினொரு பிள்ளைகளில் இப்போது போவது மூன்று பேர். மற்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், அல்லது கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். கிருஷ்ணகுமாரியின் மகள் ஷாமிளா இப்போது ஒன்பதாம் தரம்.

ஆகஸ்டில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வித்தியாலயத்திலேயே பத்தாம் தரம் தொடங்கலாம். ஆனால் அலுவலகத்து அதிகாரியின் முன்னிலையில் பெற்றோர் முப்பது பேராவது கூடித் தீர்மானம் எடுக்க வேண்டும். செப்டெம்பர் பதினைந்துக்குள் எடுத்தால் வரும் ஜனவரியில் வகுப்பு. பிந்தினால் அதற்கடுத்த ஜனவரியில். அதாவது, பிந்தினால் ஷாமிளாவுக்கு இல்லை.

தமிழ்ப் பாடசாலைகளைப் பார்க்கிற அதிகாரியின் பெயர் றஊப். நல்ல மனிதர். அவருக்கு வேன் கிடைப்பது புதன்கிழமை மட்டும்தான். முதல் புதனன்று வந்தார். வெயில் காய்ந்தது. மண்டபத்தில் இருந்தது பதினொரு பேர். அதில் நாலு பேர் பென்சன் வாங்கிய கிழவர்கள். அவர் பன்னிரண்டு மணி வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஆளுகள் வருவாங்களாம்மா?"

"பால எட போட்டுக் குடுத்துட்டு ஒரு மணிக்கு வந்துருவாங்க சேர்."

"ரெண்டு மணிக்கு வேன் ஒபிஸ்ல நிக்கோணும். எனக்கு இருக்க ஏலாதேம்மா."

"மழ பேஞ்சா காலையிலயே எல்லாரும் வந்துருவாங்க சேர்."

அவள் பகடி விடுகிறாளா என்று றஊப் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மழ பேஞ்சா எங்கட வேன் இந்த ரோட்டுல ஏறாதேம்மா."

கிருஷ்ணகுமாரி தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் போய் ஒரு புதன்கிழமைக்கு மட்டும் ஆட்களை ஒரு மணித்தியாலம் விடச் சொல்லிக் கேட்டாள். "அந்த நேரத்துல பாலு ஒறஞ்சு போனா ஒன்னோட குழுவா பொறுப்பு?" என்று அவர் கேட்டார். பால் உறையத்தான் செய்யும்.

பிறகு எல்லோரும் மழைக்குக் காத்திருந்தார்கள். மழை பெய்யாமல் இல்லை; தினமும் பெய்தது, பின்னேரம் மூன்று மணிக்கு, பாலை எடை போட்டு வாளி கழுவி வீட்டுக்குப் போன பிறகு. புதன்கிழமைகளில் கிருஷ்ணகுமாரி விடியுமுன் எழும்பி வாசலில் நின்று மேகம் பார்த்தாள். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் வெள்ளையம்மா அதைக் கண்டுவிட்டாள்.

"என்னா செயலாளரம்மா, மேல கடுதாசி ஒன்னு போட்டுப் பாக்குறதுதானே. அங்கயும் பதில் வராதா?"

கிருஷ்ணகுமாரிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கும் அளவுக்குத் தெம்பு இல்லை. பத்தாம் திகதி புதனும் வெயிலாகவே போயிற்று. பதினைந்தாம் திகதியும் போயிற்று.

பதினேழாம் திகதி புதன்கிழமை விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. அவள் றஊப்புக்கு அழைப்பு எடுத்தாள்.

"சேர், மழ பேயுது."

"திகதி முடிஞ்சிட்டேம்மா," என்றார். பிறகு, "சரி, நான் வாரன். கூட்டத்தயாவது வெப்பம்."

எட்டு மணிக்கு மண்டபத்தில் நாற்பத்திரண்டு பேர். பத்து மணிக்கு றஊப்பின் அழைப்பு வந்தது. மூன்றாம் வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே மண் சரிந்து கிடக்கிறது. ட்ரைவர் 'யன்ன பே', போக ஏலாது, என்று சிங்களத்தில் சொல்லி வேனை நிறுத்திவிட்டார். "அரநாயக்கப் பக்கத்து ஆளும்மா. அங்க மலையே சரிஞ்சு ஊர மூடினதுதானே. மண்ணக் கண்டா அவருக்கு ஏலாது. நான் ஒன்டும் சொல்லல்ல."

பாடசாலை அதிபர் நல்லையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அடுத்த புதன் பார்ப்போம்."

"அடுத்த புதன் வெயிலடிச்சா?" என்றாள் கிருஷ்ணகுமாரி.

வெள்ளையம்மா சாக்கை எடுத்துத் தலையில் போட்டாள். "வேன் ஏறாட்டி நம்ம எறங்குவோம். என்னா, புது ரோடா?"

நாற்பத்திரண்டு பேரும் அதிபரும் இறங்கினார்கள். மூன்றாம் வளைவில் இடுப்பளவு மண். அந்தப் பக்கம் றஊப் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி குடையோடு நின்றார். இந்தப் பக்கம் சாக்குத் தலைகள். கிருஷ்ணகுமாரி தீர்மானத்தைச் சத்தமாக வாசித்தாள். மழை இரைச்சலில் இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் குடைக்குக் கீழே வைத்து ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு அதைப் பொலித்தீனில் சுற்றி மண்ணுக்கு மேலால் அந்தப் பக்கம் கொடுத்தார்கள். றஊப் கையெழுத்து வைத்துத் திருப்பித் தந்தார்.

திகதி எழுத வேண்டிய இடத்தை அவர் வெறுமையாக விட்டிருந்தார்.

"திகதிய நீங்க போட்டுக்கோங்கம்மா," என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்துத் திரும்பினார்.

அவர் என்ன சொல்லாமல் சொன்னார் என்பது எல்லோருக்கும் விளங்கியது. வேன் போன பிறகு குழு ரோட்டோரத்திலேயே கூடியது.

"பத்தாந் திகதி புதன்தானே. பத்துன்னு போடு," என்றாள் வெள்ளையம்மா. "எவன் வந்து பாக்கப்போறான்?"

அதிபர் மண்மேட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

கிருஷ்ணகுமாரி பேனாவைத் திறந்துகொண்டு நின்றாள். ஒரு பத்து எழுதினால் போதும், ஷாமிளா ஜனவரியில் லயத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்து வகுப்புக்குப் போவாள். ஆனால் பத்தாம் திகதி முழு வெயில். இந்த நாற்பத்திரண்டு பேரின் பெயரும் அன்றைக்குத் தோட்டத்துச் செக்ரோல் வரவுப் புத்தகத்தில் பால் வெட்டியதாக இருக்கிறது. யாராவது ஒருவன் மேலே ஒரு பெட்டிசம் எழுதிப் போட்டால் போதும். றஊப் சேரின் வேலைக்கே வினையாகிவிடும். வகுப்பும் ஒருநாளும் வராது.

"வெயில் நாள்ல நாப்பத்திரெண்டு பேரு கூட்டத்துக்கு வந்தாங்கன்னு எழுதுனா, நம்ம தோட்டத்து நாய்கூட நம்பாது பெரியம்மா," என்றாள்.

"ஒன் புள்ளைக்குத்தானே நட்டம்."

"தெரியும்."

அவள் பதினேழு என்று எழுதினாள். அந்த எழுத்து மட்டும் அவ்வளவு அழகாக வரவில்லை.

நவம்பரில் அனுமதி வந்தது. அடுத்த ஜனவரிக்கு இல்லை, அதற்கடுத்த ஜனவரிக்கு. அதிபர் காலைக் கூட்டத்தில் கடிதத்தை வாசித்தார். எட்டாம் தரத்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஷாமிளா அன்று பின்னேரம் புத்தகப் பையைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கேட்டாள்:

"பத்துன்னு போட்டிருந்தா என்னாம்மா ஆயிருக்கும்?"

"ஒன்னும் ஆகாமலும் போயிருக்கலாம்," என்றாள் கிருஷ்ணகுமாரி. அது உண்மை. வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்க அவளுக்குத் தோன்றவில்லை. ஷாமிளா அதற்குப் பிறகு இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

டிசம்பர் முடிவில் கிருஷ்ணகுமாரி கங்காணியிடம் போய், பால் வெட்டும் இடமாகப் பஸ் ரோட்டோரத்து மலையைத் தனக்கு மாற்றித் தரச் சொன்னாள்.

"அது கெழட்டு மரம். ஒரு வாளி பாலுகூட வராது. ஒனக்கு என்னா பைத்தியமா?"

"மகள பஸ் ஏத்திட்டு அப்புடியே வேலைக்கு எறங்கிரலாம் அண்ணே. மேல ஏறி எறங்க முழங்கால் இல்ல."

கங்காணி புத்தகத்தில் மாற்றிக்கொண்டார்.

ஜனவரியில் பாடசாலை தொடங்கிய நாள் இருட்டோடு இருவரும் இறங்கினார்கள். இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள் டோர்ச் வெளிச்சத்தில் பின்னால் வந்தார்கள். பஸ் வந்ததும் ஷாமிளா ஏறி, ஜன்னல் பக்கம் உட்காரக் கிடைக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை தொடங்க இன்னும் வெளிச்சம் வரவில்லை. கிருஷ்ணகுமாரி கிழட்டு மரங்களுக்கு நடுவே வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.