வெயிட் விளக்கு

பம்பாயில், செம்பூரில் நான் வேலை பார்த்த கம்பெனி வாடகைக்கு ஒரு கம்ப்யூட்டர் எடுத்தபோது, அதற்காகவே கண்ணாடிச் சுவர் வைத்து ஓர் அறை கட்டினார்கள். ஆபீசில் மற்ற எல்லோரும் மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டிருக்க, மிஷின் மட்டும் ஏ.சி.யில் இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் மாதிரி ஆட்கள் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார்கள். அந்த விஷயத்தில் எனக்கும் அந்த மிஷினுக்கும் ஒற்றுமை உண்டு.

அறுபதுகளின் கடைசி அது. மாட்டுங்காவிலிருந்து புறப்பட்டு, குர்லாவில் வண்டி மாறி வருவேன். முதலில் பஞ்ச் ரூமில் இருந்தேன். மிஷின் படிப்பதற்கான அட்டைகளில் நாள் முழுக்க துளை போடும் பெண்களில் ஒருத்தி. பிறகு ஆபீசிலேயே பரீட்சை வைத்து கன்சோல் ஆபரேட்டர் வேலைக்கு இரண்டு பேரை எடுத்தார்கள். காலை ஷிஃப்டுக்கு நான். சாயங்கால ஷிஃப்டுக்கு ஒரு திருநெல்வேலிக்காரர். தாராவியில் குடியிருந்தார், இரவுப் பள்ளியில் படித்து மேலே வந்தவர். இரண்டு பேருமே தற்காலிகம்தான். தலைமை ஆபீசிலிருந்து ஒரு பெரியவர் வந்து பார்த்த பிறகு நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது வெறும் உத்தியோக உயர்வு இல்லை. கல்யாணத்துக்காக இந்த வேலையை விட மாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். முதலில் வேலை நிலைக்கட்டும், பிறகு இந்தப் பேச்சைப் பேசலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கன்சோல் என்பது மிஷினின் முகப்பு மேஜை. அதன் மேல் வரிசை வரிசையாகச் சின்ன பல்புகள். கணக்குப் போடுகிற பகுதிக்கு பிராசஸர் என்று பெயர். அதற்குள் நடப்பதைத்தான் அந்த பல்புகள் காட்டும். மேஜையில் ஒரு டைப்ரைட்டரும் உண்டு. அதில் நாம் கேள்வியை அடித்தால், அதே காகிதத்தில் மிஷின் தானாகவே பதில் அடிக்கும். இப்போது எந்த வேலை ஓடுகிறது, எது வரிசையில் நிற்கிறது, எது எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, எல்லாம் வரும். எதை முன்னால் விட வேண்டும், எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று நாம் ஆணை கொடுக்கலாம். இதையெல்லாம் உள்ளே இருந்து கவனித்துக்கொள்கிற நிரலுக்கு சூப்பர்வைசர் என்று பெயர். எங்கள் ஆபீசில் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன ஒரே சூப்பர்வைசர் அதுதான்.

பல்புகளில் ஒன்றுக்குக் கீழே ‘வெயிட்’, அதாவது காத்திரு, என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். பிராசஸருக்குச் செய்ய ஒன்றும் இல்லாதபோது அது எரியும். அட்டை படிக்கிற கருவி மெதுவாகப் படிக்கும், பிரிண்டர் அதைவிட மெதுவாக அடிக்கும். இவை முடிகிறவரை பிராசஸர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், விளக்கு எரியும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் மானேஜருக்கு அந்த விளக்கு ஆகாது. முலுண்டிலிருந்து வருகிற பாலக்காட்டுக்காரர் அவர். குமாஸ்தாவாக ஆரம்பித்து மேலே வந்தவர். எங்கள் ஆபீசில் வேலை முடிந்தவன்கூட ஒரு ஃபைலை விரித்து வைத்து, பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான். மேஜை காலியாக இருந்தால் ஆள் சோம்பேறி என்பது அங்கே எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை மானேஜர் மிஷினுக்கும் போட்டார். கண்ணாடி வழியாக வெயிட் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டால் போதும், உள்ளே வந்து மிஷின் ஏன் சும்மா இருக்கிறது என்று கேட்பார். நான் விளக்கிச் சொல்வேன், தலையாட்டுவார். அடுத்த நாளும் வந்து அதையே கேட்பார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மிஷினோடு வந்த தடித்த புத்தகத்தை ரயிலில் படிக்க ஆரம்பித்தேன். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைப் பிராசஸரில் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை. ஒரு வேலையை ஏற்றுவது, அது முடிந்ததும் அடுத்ததை ஏற்றுவது என்றே ஓட்டிக்கொண்டிருந்தோம். உலை கொதிக்கிறவரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிற பெண் யாராவது உண்டா? அந்த நேரத்தில் காயை நறுக்கிவிடுவாள். நானும் அதைத்தான் செய்தேன். அட்டைகளில் இருப்பதை முதலிலேயே, வேகமாக ஓடுகிற காந்த டேப்பில் ஏற்றி வைத்துக்கொண்டேன். பிரிண்டர் பில் அடிக்கிற வேலையை ஒரு பக்கம் விட்டு, சம்பளக் கணக்கை இன்னொரு பக்கம் விட்டேன். பிரிண்டர் தாமதிக்கிற ஒவ்வொரு கணமும் பிராசஸர் சம்பளக் கணக்குக்குப் போய்விடும். டைப்ரைட்டரில் அடிக்கடி கேட்டுப் பார்த்து, எது முன்னால் போக வேண்டும் என்று மாற்றி மாற்றி விட்டேன். சில வாரங்களில் கை பழகிவிட்டது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வேறு எந்த வேலையும் எனக்கு அவ்வளவு பிடித்ததில்லை.

அதன் விளைவு என்னவென்றால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே என் வேலை முடிந்துவிடும். சாயங்காலத்துக்கு என்று வைத்திருந்ததையும் எடுத்து முடித்துவிடுவேன். ஓட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. வெயிட் விளக்கு முன்னைவிட அதிக நேரம் எரிந்தது.

திருநெல்வேலிக்காரர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஒருநாள் சின்ன அட்டைக் கட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். அவர் தானே எழுதிய நிரல் அது. போன இடத்துக்கே மறுபடி போ, மறுபடி போ என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை. அதைப் போட்டுவிட்டால் பிராசஸர் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், பல்புகள் எல்லாம் மினுமினுக்கும்.

“சோலி முடிஞ்ச ஒடனே இதப் போட்டு விட்டிருங்க. வெயிட் லைட்டு அணைஞ்சிரும். ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ,” என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார். எனக்கு அது வேண்டாம் என்றேன். ஒழுக்கம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நன்றாகச் சமைத்துவிட்டு, ஆட்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக வெறும் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

தலைமை ஆபீஸ் பெரியவர் வந்த அன்று காலை எல்லாவற்றையும் சீக்கிரமே முடித்துவிட்டேன். அவருக்குக் காட்டலாம் என்று பில்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் உள்ளே வரவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றார். மிஷின் அசையாமல் இருந்தது, நான் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மானேஜர் அவர் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தார். சாயங்காலமும் அவர் வந்து பார்த்தாராம். பல்புகள் தீபாவளி மாதிரி இருந்தன என்று ஆபீஸ் பையன்கள் சொன்னார்கள்.

அடுத்த வாரம் மானேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நிற்கவே வைத்திருக்கலாம், உட்காரச் சொன்னதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு ஷிஃப்ட் போதும் என்று தலைமை ஆபீசில் முடிவு செய்துவிட்டார்களாம்.

“ரெண்டு ஷிஃப்ட் வேலையை நீ ஒரு ஷிஃப்ட்ல முடிச்சுடறே. நேக்குத் தெரியாம இல்லை. அதனாலதான் ஒரு ஆள் போறும்னுட்டா,” என்றார்.

“அப்படின்னா அந்த ஒரு ஆள் நானாத்தானே சார் இருக்கணும்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார். “உன் ஷிஃப்ட்ல மிஷின் தூங்கிண்டிருந்ததைப் பெரியவர் பாத்துட்டுப் போயிட்டாரே அம்மா,” என்றார்.

அந்தச் சுற்று நிரலைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் திருநெல்வேலிக்காரருடைய வேலை போகும், எனக்கு அது வராது. இவ்வளவு நேரம் சும்மா இருப்பதற்கா வாடகை என்று மிஷினையே திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். அந்த அளவுக்கு எனக்கு ஆபீஸ் தெரியும். சரி சார் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை பஞ்ச் ரூமுக்குத் திரும்பினேன். பெண்கள் நகர்ந்து ஒரு நாற்காலிக்கு இடம் விட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. வீட்டில் சொன்னபோது அப்பா, போகட்டும் விடு என்றார். அந்த மாதமே ஜாதகத்தை வெளியே எடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் திருநெல்வேலிக்காரர் பஞ்ச் ரூம் வாசலில் வந்து நின்றார். கண்கள் உள்ளே போயிருந்தன. எல்லா வேலையும் இப்போது அவர் தலையில். பழையபடி ஒன்றன்பின் ஒன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தார், அது ஒரு ஷிஃப்டுக்குள் முடியவில்லை.

“அந்த ரெண்டையும் சேத்து ஓட்டுவீங்கள்லா, அதக் கொஞ்சம் சொல்லித் தாங்க. ஒத்தையில சமாளிக்க முடியல,” என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒத்தையில முடியலைன்னா, இன்னொரு ஆள் வேணும்னு மானேஜர்கிட்ட எழுதிக் கேளுங்கோ,” என்றேன்.

எழுதிக் கேட்டால் அவரால் முடியவில்லை என்று ஆகிவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மிஷின் அறைக்கே திரும்பிப் போனார். அவர் எழுதவில்லை, நானும் சொல்லித் தரவில்லை. நான் துளை போட்ட அட்டைகள் தினமும் தட்டுத் தட்டாக அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போய்க்கொண்டிருந்தன. கல்யாணத்துக்காக வேலையை விடுகிறவரை நான் மறுபடி ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை.