வடக்கத்தி விதை

இன்ஸ்பெக்‌ஷன் அன்று என் மனைவியின் அண்ணன் கோவிந்தசாமி சலவை வேட்டியில் வந்தார். சிதம்பரத்துக்கு வெளியே இருந்த ஆராய்ச்சிப் பண்ணையில் நாங்கள் இருவரும் தினக்கூலிகள். ஒருவரை மட்டும் பர்மனென்ட் ஆக்குவார்கள். கடலூரிலிருந்து வரும் பெரிய ஆபீசர் செடிகளைப் பார்த்து முடிவு செய்வார் என்றார்கள். யுத்த காலம். மாதச் சம்பளம் இருந்தால்தான் பிள்ளைகள் பட்டினி கிடக்காது.

பண்ணையில் வளர்த்தது குட்டையோரங்களில் தானாக முளைக்கும் காட்டு நெல். பல ஊர் விதைகளை ஒரே மண்ணில் போட்டுப் பார்ப்பது வேலை. கன்னியாகுமரிப் பக்கத்து விதை எனக்கு, இமயமலை அடிவாரத்து விதை மச்சானுக்கு. ஆடியில் ஒன்றாகத்தான் விதைத்தோம். புரட்டாசியில் அவருடைய செடிகள் முழங்கால் உயரத்திலேயே கதிர் விட்டுவிட்டன. என்னுடையவை கதிர் இல்லாமல் மார்பளவுக்கு ஏறின.

"இன்னா கோவிந்தசாமி, உன் செடிவ பால் மறக்கறதுக்குள்ள புள்ள பெத்துடுச்சா?" என்று மேஸ்திரி சிரித்தார். மச்சானும் சிரித்தார். அன்று முதல் மதியக் கஞ்சியை விட்டுவிட்டு எரு சுமந்தார். பச்சை கூடியது; செடி உயரவில்லை.

பெரிய ஆபீசர் வந்தபோது அவை கதிர் முற்றிக் காய்ந்து நின்றன.

"எந்தச் சோம்பேறிய்யா இதப் பாத்துக்கிட்டது?"

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன். ஆனாலும் சொன்னேன்: "அவுரு என்னைவிட எரு ஜாஸ்தி போட்டாருங்க, ஐயா."

"ஜாஸ்தி போட்டும் இந்த லட்சணமா?"

வேலை எனக்குக் கிடைத்தது. மச்சானை இனி வரவேண்டாம் என்றார்கள். அவர் கடலூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். வீட்டில் என் மனைவி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டாள்.

மறு வருஷம் இரண்டு விதைகளும் என் கையில். வடக்கத்தி விதை அதேபோல் முழங்கால் உயரத்தில் கதிர் விட்டது. அடுத்த வருஷம் பாத்தியை மாற்றிப் போட்டோம். அப்போதும் அப்படியே. ஆராய்ச்சி பலித்ததில் எங்கள் பண்ணை ஆபீசருக்கு ஒரே சந்தோஷம்.

"வடக்க வெயில் காலத்துல பகல் நீளம்யா. அதுக்குப் பழகின வித்து, இங்க பகல் சின்னதா இருக்கவும் அவசரமா கதிர் விடுது. பொறவி குணம்."

"அப்ப எங்க மச்சான் மேல தப்பில்லீங்களே?"

"தப்புன்னு யாருய்யா சொன்னா? இருந்தது ஒரு போஸ்ட்டு." அவர் செடியை அளக்கத் திரும்பிவிட்டார்.

கடலூர் போய் மச்சானிடம் சொன்னேன். மல்லாட்டைக் கடலை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"தங்கச்சிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னா?"

"எழுந்து அடுப்பு ஊதப் போயிட்டா."

மச்சான் குனிந்து முதுகைக் காட்டினார். "தூக்கி வுடு, மாப்ள."

தூக்கிவிட்டேன்.

இப்போது நான் மேஸ்திரி. எவனையாவது சோம்பேறி என்று ஆபீசர்கள் சொன்னால், அவனுக்கு எந்த விதை கொடுத்தீர்கள் என்று கேட்கிறேன். கேட்டதால் இதுவரை எவனுக்கும் வேலை திரும்பக் கிடைத்ததில்லை.