பனிச்சரிவில் ஒரு குறுக்கு வழி

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னுக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்கும் மனைவிக்கும் நித்திரை போதவில்லை. யாழ்ப்பாணத்தில் டொக்டராக இருந்தவள், இங்கே திரும்பவும் சோதனை எழுதிவிட்டு, தன்னைவிட இளையவர்களுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் மாறி மாறி டியூட்டி செய்தாள். நான் ஓர் அலுவலகத்தில் மற்றவர்கள் வரைந்த வடிகால் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கிளேட்டனில் வாடகை வீடு, மூன்று வயதில் ஒரு மகள். நானும் மனைவியும் சந்தித்துக்கொண்டது பெரும்பாலும் குசினி வாசலில்தான், ஒருவர் உள்ளே வர மற்றவர் வெளியே போகும் நேரத்தில்.

பனிச்சறுக்குக்குப் போவோம் என்று முதலில் சொன்னவள் அவள். என்னோடு வேலை செய்த படவரைஞர் ஒருவர் இந்த நாட்டுக்காரர். குளிர்காலம் முழுக்க மலைகளில் திரிபவர். ஆளை மேலே தூக்கிச் செல்லும் லிஃப்டும் ஹோட்டலும் இருக்கிற மலை அவருக்குப் பிடிக்காது. ஒடுங்கிய நீளப் பலகைகளைக் காலில் பூட்டி, சாப்பாட்டையும் படுக்கையையும் முதுகில் சுமந்து, ஆளில்லாத மேட்டு நிலங்களில் நாள்கணக்கில் போவார். இரண்டு குளிர்காலம் அவரோடு போனோம். மனைவி நன்றாகப் பழகிக்கொண்டாள். நான் விழுந்து எழும்பினேன்.

மூன்றாவது குளிர்காலத்தில் நான்கு நாள் லீவு கிடைத்தது. ஞாயிறு பின்னேரம் வந்துவிடுவோம் என்று சொல்லி, பக்கத்துத் தெருத் தமிழ்க் குடும்பம் ஒன்றிடம் மகளை விட்டுவிட்டு மலைக்குப் போனோம். வியாழன் பகல் மழை. இரவு அது இறுகிக் கண்ணாடிபோல் ஆனது. வெள்ளியும் சனியும் வடமேற்குக் காற்றோடு பனி கொட்டியது. ஒரு பழைய மரக் குடிலுக்குள் மூன்று பேரும் அடைந்து கிடந்தோம். தகரக் கூரை அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் குதிக்கால் உரிந்துவிட்டது. சப்பாத்து காயவே இல்லை.

ஞாயிறு காலை வானம் வெளித்தது. பத்து மணியளவில் ஒரு பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றோம். எதிர்ப்பக்கத்து மரங்களுக்கப்பால் காருக்குப் போகும் பாதை. நேரே குறுக்கால் போனால் கால் மணித்தியாலம். மேலே ஏறி முகட்டைச் சுற்றி, மரங்களுக்குள்ளால் இறங்கினால் ஐந்து மணித்தியாலம். பள்ளத்தின் மேல் விளிம்பில் காற்று குவித்த பனி தாழ்வாரம்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

படவரைஞர் சவள் என்கிற தன் சிறிய மண்வெட்டியால் முழங்காலளவு குழியொன்று வெட்டினார். குழியின் சுவரில் பெட்டிபோல் ஒரு துண்டைப் பிரித்து, சவளால் மெல்ல இழுத்தார். மேலே இருந்த புதுப் பனி முழுவதும் ஒரே பாளமாக வழுக்கி அவர் மடியில் விழுந்தது. அடியில் வியாழக்கிழமை மழையின் ஐஸ் மினுங்கியது. நல்லதல்ல, ஆள் ஏறினால் சரியும், சுற்றித்தான் போகவேண்டும் என்றார்.

"எனக்கு ஏலாது," என்று மனைவியிடம் தமிழில் சொன்னேன். "இந்தக் காலோட அஞ்சு மணித்தியாலம் ஏறி இறங்க ஏலாது. பிள்ளை பாத்துக்கொண்டிருக்கும். நாளைக்கு வேலை."

"அந்தாள் வெட்டிக் காட்டினதைப் பாத்தனீங்கள்தானே?"

"முழங்காலளவு குழி. அதை வைச்சு முழு மலையையும் சொல்லேலுமோ?"

"நீங்கள் எஞ்சினியர். வடிகால் படத்தில ஒருத்தன் இப்பிடிப் பிழை காட்டினால், பாக்காமல் கையெழுத்து வைப்பீங்களோ?"

படவரைஞரிடம் திரும்பி ஆங்கிலத்தில் வாதாடினேன். அவரும் இரண்டு இரவு சரியாகத் தூங்காதவர். ஏறவேண்டிய முகட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கடைசியில், சரி, ஒவ்வொருவராகப் போகலாம் என்றார். மூன்று பேரில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டாயிற்று. நான் முதலில் போவதாகச் சொன்னேன்.

மனைவி என் முன்னால் வந்து நின்றாள். "போறதெண்டால் முறைப்படி செய்துபோட்டுப் போங்கோ." பையின் இடுப்புப் பட்டியை அவளே கழற்றிவிட்டாள், இழுபட்டால் பையை உதற வேண்டும். ஊன்றுதடிகளின் வார்களை மணிக்கட்டிலிருந்து எடுக்கச் சொன்னாள். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட அப்போது எங்களிடம் இருந்த ஒரே சாதனம் நீண்ட சிவப்புக் கயிறுதான். ஆள் புதைந்தாலும் கயிற்றின் ஏதோ ஒரு பகுதி மேலே மிதக்கும் என்பது நம்பிக்கை. அதை என் இடுப்பில் கட்டி, மற்ற நுனியை எனக்குப் பின்னால் பனியில் விட்டாள்.

பாதித் தூரம் போயிருப்பேன். காலுக்குக் கீழே ஒரு பெருமூச்சுச் சத்தம் கேட்டது. எனக்கு மேலே பனியில் கோடொன்று கிழிந்து ஓடியது. பிறகு நின்ற நிலமே நகர்ந்தது. பையை உதறினேன் என்று நினைக்கிறேன். கை கால் அடித்தேன். வாயெல்லாம் பனி. எல்லாம் நின்றபோது வெளிச்சம் சாம்பல் நிறமாக இருந்தது. ஒரு கை முகத்துக்குப் பக்கத்தில் மடங்கிக் கிடந்தது. வேறெதையும் அசைக்க முடியவில்லை. சுற்றியிருந்த பனி, ஊற்றிய கொங்கிரீட் இறுகுவதுபோல் இறுகியது.

பயந்தேன் என்று எழுதத்தான் ஆசை. அந்த நேரம் எனக்கு வந்த நினைப்பு வேறு: அப்பாடா, இனி நடக்கத் தேவையில்லை. மகளின் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதை மனைவியிடம் சொல்ல எனக்குப் பல வருடம் எடுத்தது.

நடந்ததைப் பிறகு படவரைஞர் சொன்னார். நான் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து மனைவி கண்ணை எடுக்கவில்லையாம். கையை அந்தப் பக்கம் நீட்டி வைத்தபடியே நின்றாளாம். மேலே இன்னும் விழக் கிடக்கிறதா என்று அவர் பார்த்து முடித்ததும் இருவரும் இறங்கினார்கள். பதினைந்து கஜம் கீழே, பனிக்கு மேலே ஒரு சாண் சிவப்புத் தெரிந்தது. அதை இழுத்துப் பார்க்காமல் அது போன வழியே தோண்டினார்கள். அவர் சவளால், அவள் சமையல் சட்டியால்.

முகத்தில் ஒரு கை பட்டது. வாய்க்குள் விரல் விட்டுப் பனியை எடுத்தாள்.

"மூச்சு விடுங்கோ. கதைக்காதேங்கோ."

"கால்..."

"கதைக்காதேங்கோ எண்டனான்."

முழங்கால் ஒன்று முறுகியிருந்தது, பலகை ஒன்று காணாமல் போயிருந்தது. வேறு காயமில்லை. படவரைஞர் பனியில் குந்தியிருந்து, தான் ஓமென்று சொல்லியிருக்கக் கூடாது, சொல்லியிருக்கவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஓமென்று சொல்ல வைத்தவன் நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு அதே நீண்ட வழியாலேதான் போனோம். ஐந்து மணித்தியால வழி எங்களுக்கு ஏழானது. ஒரு காலில் பலகை, மற்றக் கால் துடையளவு புதைய, மனைவியின் தோளைப் பிடித்தபடி ஏறினேன். முகட்டில் அவள் ஒரு தோடம்பழத்தை உரித்து மூன்றாகப் பிரித்தாள். முதல் ஊரின் பெற்றோல் நிலையத்திலிருந்து அந்தத் தமிழ்க் குடும்பத்துக்குப் போன் எடுத்து, பிந்தி வருவோம் என்றாள். மகள் புட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாளாம். மனைவி என்னை ஏசவில்லை. அடுத்தநாள் நான் வேலைக்குப் போனேன், அவள் டியூட்டிக்குப் போனாள். ஏசுவதற்கு அவளுக்கும் தெம்பு இருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அதன் பிறகு மலைக்குப் போகுமுன் ஒரு கேள்வி எங்களுக்குள் வழக்கமானது. காற்று எந்தப் பக்கம், பனி எவ்வளவு என்பதோடு, "ஆருக்குக் களைப்பு?" என்றும் கேட்போம். எனக்கு என்று யார் சொன்னாலும் அன்றைக்கு மரமில்லாத திறந்த சரிவுகளில் போவதில்லை. திரும்பி வரவேண்டிய நேரத்தைக் காலையிலேயே, தலை தெளிவாக இருக்கும்போது முடிவு செய்துவிடுவோம்.

அடுத்த குளிர்காலம் அதே படவரைஞரோடு போனோம். ஒரு மத்தியானம், பார்வைக்கு எந்தப் பிழையும் இல்லாத சரிவொன்றின் முன்னால் மனைவி நின்றாள்.

"எனக்குக் களைப்பாக் கிடக்கு. திரும்புவம்."

நான் பலகைகளைத் திருப்பினேன். நாங்கள் மரங்களுக்குள் இறங்கும்போது வேறு நான்கு பேர் வந்து அந்தச் சரிவைக் கடந்தார்கள். அந்தப் பக்கம் ஏறி நின்று எங்களுக்குக் கையசைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அன்று பின்னேரம் வரைக்கும், மரங்களுக்கிடையால் பார்த்தபோதெல்லாம், அந்தச் சரிவு அசையாமல் வெள்ளையாகக் கிடந்தது. நாங்கள் தூறலுக்குள் நனைந்துகொண்டு, என் பழைய முழங்கால் வலியோடு, வந்த வழியே காருக்குப் போனோம்.